வந்துகொண்டிருந்த பந்து

விடுதலைக்கு முந்தைய மாலையில் உதைக்கப்பட்ட பந்து கோல் வாசலை வந்தடைய இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. உதைத்தவர் மீது குற்றமில்லை, அவர் பலமாகத்தான் உதைத்தார். தவறு நம்மவர்களுடையது. அன்று நள்ளிரவில் ஆட்சி கைமாற இருந்ததால், பழைய அரசின் கிரீடம் பொறித்த எல்லாவற்றையும் பொழுது சாய்வதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று விழாக் குழு முடிவு செய்திருந்தது. தபால் பெட்டிகளில் கிரீடத்தைச் சுரண்டினார்கள். நீதிமன்ற வாசலில் இருந்த கல் கிரீடத்தை உளி வைத்துப் பெயர்த்தார்கள். கடைசியில் மிஞ்சியது நகர மைதானத்தின் மணிக்கூண்டுக் கடிகாரம். மைதானத்தில், நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கும் இங்கேயே இருக்கிறவர்களுக்கும் பிரிவுபசாரக் கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம்தான் முடிந்துவிட்ட மாதிரியே இருக்கிறதே, இனி என்ன என்று குழுவின் தச்சர்கள் ஏணியைச் சாத்தி, கைதட்டலுக்கிடையே கடிகாரத்தைக் கழற்றிக் கீழே இறக்கிவிட்டார்கள். ஆட்டம் முடிய அப்போது ஒரு நொடி பாக்கி இருந்தது. அந்த நொடியை எண்ணுவதற்குக் கடிகாரம் இல்லாமல் போனதால் அது முடியாமல் அப்படியே தங்கிவிட்டது.

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஆட்டக்காரர்கள் ஏதோ விளையாட்டுக்கு நிற்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பசியெடுத்து வெளியே வந்தபோது தெருவில் இருட்டிவிட்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் மைதானத்தின் மேல் மட்டும் மாலை வெயில் இருந்தது. நள்ளிரவில் புதிய கொடி ஏறியபோதும் இருந்தது. மறுநாளும், அடுத்த மாதமும் இருந்தது. சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே போன எதுவும் அந்த நொடிக்குள் அகப்பட்டுக்கொண்டது. தெருநாய் ஒன்று ஓடிப் போய் நாலு காலும் தரையைத் தொடாமல் நின்றது. பந்தைத் தட்டிவிடலாம் என்று யாரோ நீட்டிய மூங்கிலின் முனை போன இடத்திலேயே நின்றுகொண்டது. வெளி ஆள் பந்தைத் தொட்டால் ஆட்டமே செல்லாது என்று சட்டம் தெரிந்த ஒருவர் சொன்ன பிறகு அந்த முயற்சியும் கைவிடப்பட்டது. நின்றுபோய்விட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த பந்து நிற்கவில்லை, வாரத்துக்கு ஒரு விரல் அகலம் நகர்கிறது என்பது மழைக்காலம் வந்தபோதுதான் தெரிந்தது. மழை மைதானத்தைச் சுற்றிப் பெய்தது. சுற்றுவட்டத் தெருக்காரர்கள் துணி காயப்போட அங்கேதான் வந்தார்கள்.

நம் அணியின் கோல்கீப்பர் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவர். லாரியிலிருந்து வீசப்படும் மூட்டைகளைக் கீழே நின்று பிடிப்பது அவர் வேலை. அந்தக் கைகளை நம்பித்தான் அவரைக் கோலில் நிறுத்தியிருந்தார்கள். அவர் மனைவி தையற்காரி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. மறுநாள் விழாவுக்கான கொடிகளைத் தைத்து முடித்துவிட்டு அவள் தாமதமாகத்தான் மைதானத்துக்கு வந்தாள். அன்று காலைதான் அவளுக்கு ஒரு சேதி உறுதியாகியிருந்தது. வீடு வரைக்கும் பொறுக்க மாட்டாமல், பக்கவாட்டு கேலரியின் முதல் வரிசையில் நின்றுகொண்டு, கையிலிருந்த மஞ்சள் துணியை ஆட்டினாள். அது கொடிக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டு. அவர் திரும்பிப் பார்த்தார். எதிரணியின் முன்கள ஆட்டக்காரர், வங்கி அதிகாரி, உயரம் காரணமாக ஊரில் நெட்டையர் என்று பெயர் வாங்கியவர், அந்த நேரம் பார்த்துத்தான் பந்தை உதைத்தார். ஏணியில் இருந்த தச்சர்களும் அந்த நேரம் பார்த்துத்தான் கடிகாரத்தைக் கழற்றினார்கள். ஆகவே புதிய நாடு பிறந்தபோது அதன் கோல்கீப்பர் பந்தைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய அரசு தனக்கு என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்த்தபோது விளையாட்டு என்று சொல்லிக்கொள்ள அந்த ஆட்டம் ஒன்றுதான் இருந்தது. விளையாடத் தெரிந்த பதினொரு பேரும் உள்ளே இருந்தார்கள். விளையாட்டுத் துறை ஒன்று ஏற்படுத்தப்பட்டு, முன்பு பல் வைத்தியராக இருந்தவர் அமைச்சரானார். அலுவலகத்துக்குக் கட்டடம் கிடைக்காததால் கேலரிக்கு அடியிலேயே மேசை போட்டுக்கொண்டார். நல்ல வெளிச்சம், விளக்குச் செலவு மிச்சம். வானொலி வாராவாரம் ஆட்டத்தின் வர்ணனையை ஒலிபரப்பியது. வர்ணனையாளர் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர், ஒரு விரல் நகர்ந்த பந்தை அரைமணி நேரம் வர்ணிக்க அவரால் முடிந்தது. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து காட்டின. நெட்டையரின் இடுப்பு எப்படித் திரும்புகிறது, ஊன்றிய கால் எந்தப் பக்கம் சாய்கிறது, நம் பின்கள ஆள் எட்டாத பந்துக்கு எப்படிக் காலை நீட்டுகிறார் என்று ஒரு தலைமுறையே உட்கார்ந்து படித்தது. கால்பந்தாட்டத்தில் ஒரு நொடியை நம்மைப் போல் கற்றவர்கள் உலகத்தில் எவரும் இல்லை என்று அமைச்சர் மேடைதோறும் பேசினார். அது உண்மைதான்.

அதன் விளைவு முதல் வெளிநாட்டுப் பயணத்தில் தெரிந்தது. நம் புதிய அணி மைதானத்தில் இறங்கி, அந்த ஒரு நொடியை அப்பழுக்கில்லாமல் ஆடியது. இடுப்பு அப்படியே திரும்பியது, பந்து அப்படியே பறந்தது, கோல். பிறகு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்கள். அதைவிட வேடிக்கை நம் புதிய கோல்கீப்பர். விசில் ஊதியதும் பக்கவாட்டு கேலரியைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார், கோல்கீப்பர் என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. பதினான்கு கோல் வாங்கிக்கொண்டு அணி கப்பலேறியது. துறைமுகத்தில் வரவேற்க ஆயிரம் பேர் நின்றார்கள், யாரும் திட்டவில்லை. மீதி ஆட்டத்தையும் எங்காவது போய்ப் படித்துத்தான் ஆக வேண்டும் என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அதற்கப்புறம் பயிற்சியாளர்கள் வந்தார்கள், ஊருக்கொரு மைதானம் வந்தது, ஓட்டப் பந்தயம் வந்தது, பெண்கள் அணி வந்தது. தோல்விகள் பதினாலிலிருந்து ஒன்பதுக்கும், ஒன்பதிலிருந்து மூன்றுக்கும் இறங்கின.

தையற்காரி இதையெல்லாம் கேலரியின் முதல் வரிசையில் இருந்தபடியே பார்த்தாள். தையல் மெஷினை அங்கேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். நாட்டின் அணிகளுக்கெல்லாம் சட்டை தைத்தது அவள்தான். மகள் பிறந்ததும் மெஷினுக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டினாள். கணவர் முகத்தில் அன்று ஆரம்பித்த சிரிப்பு முழுதாக மலர நாலு வருடம் ஆனது. முதலில் கண்ணோரம் சுருங்கியது, பிறகு இடது கன்னம், பிறகு உதடு. பல் தெரிந்த அன்று அவள் பக்கத்துத் தெருவுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தாள். மகள் நடை பழகியது சுண்ணாம்புக் கோட்டின் வெளிப்பக்கமாகத்தான், கோட்டை மிதிக்காமல் ஓடவும் அங்கேயே கற்றுக்கொண்டாள். ஒருமுறை தையற்காரி காய்ச்சலில் விழுந்து மூன்று மாதம் வீட்டோடு கிடந்தாள். எழுந்து வந்து பார்த்தால் அவர் புருவம் லேசாக நெரிந்திருந்தது. அவள் மஞ்சள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். அந்த நெரிப்பு கலைய ஒரு வருடம் பிடித்தது. அவர் தன்னைப் பார்க்கிறார் என்பதில் அதற்குப் பிறகு அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

பந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தைத் தாண்டிய வருடம், பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்ததையே அறிக்கையாகச் சொன்னார்கள். பந்து கோலுக்குள்தான் போகிறது. கோல்கீப்பர் இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் அது அவர் காதோரமாகப் போய் வலையில் விழும். அதுவரை அவருடைய சிரிப்பை ரசித்துக்கொண்டிருந்த ஊருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காமல் போனது. தையற்காரியிடம் சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் குறைந்தார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. கடைசியில் அமைச்சர் தன் மேசையை விட்டு எழுந்து மேலே வந்தார். வயதாகிவிட்டிருந்தது, படியேறி மூச்சு வாங்கியது.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க இங்க உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவர் திரும்ப மாட்டார்."

"நான் எழுந்து போயிட்டா மட்டும் பந்தைப் பார்ப்பாரா சார்? காலி நாற்காலியத்தான் பார்ப்பார். என்ன ஆச்சோன்னு தவிச்சுப் போயிடுவார்."

"நாடு முதல் ஆட்டத்துலேயே தோத்துப் போச்சுன்னு வரலாமா?"

"நாடு அப்புறம் எத்தனையோ தடவை தோத்திருக்கு. துறைமுகத்துல மாலை போட்டுத்தானே கூட்டிட்டு வந்தீங்க. என் வீட்டுக்காரர் தோத்தா மட்டும் குத்தமா?"

பல் வைத்தியராக இருந்த காலத்தில் ஆளைப் பேசவிடாமல் செய்து பழகிய அமைச்சர், அன்று வாயடைத்துப் படியிறங்கினார்.

அவள் மனதை மாற்றியது மகள்தான். மகளுக்கு அப்போது பதினைந்து வயது, பெண்கள் அணியில் கோல்கீப்பர். அப்பா பார்க்கிற பக்கம் பார்க்காமல் பந்தைப் பார்க்கத் தெரிந்த முதல் கோல்கீப்பர் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு நாள் பயிற்சி முடிந்து வந்து மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, நானும் கோல் வாங்கியிருக்கேன். ஊர் திட்டுறது ரெண்டு நாள்ல போயிடும். நமக்கு நாமே திட்டிக்கிறது இருக்கு பாரு, அது போகாது."

"அதுக்கு?"

"அப்பா வெளிய வந்ததும் முதல்ல என்ன நினைப்பாரு? உன்னைப் பார்த்ததாலதான் போச்சுன்னு நினைப்பாரு. அதுக்கப்புறம் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும்."

தையற்காரி மெஷினிலிருந்து காலை எடுத்தாள். பிறகு எழுந்து, நாற்காலியை ஒரு விரல் அகலம் நகர்த்திப் போட்டாள்.

"நாட்டுக்காக இல்லடி. அந்த மனுஷன் என்னைப் பார்க்கறப்ப எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கக் கூடாது."

அதன் பிறகு அவள் நகர்ந்துகொண்டே இருந்தாள். வேகமாக நகர்ந்தால் அவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுவாள், நகராவிட்டால் பிரயோஜனமில்லை. நாற்காலியும் மெஷினும் மஞ்சள் துணியுமாக, கேலரியின் முதல் வரிசையில், கோல் முனையிலிருந்து நடுக்கோட்டை நோக்கிச் சிறிது சிறிதாகப் போனாள். அவர் கண்கள் பின்னாலேயே வந்தன. கண்ணுக்குப் பின்னால் கழுத்து வந்தது, கழுத்துக்குப் பின்னால் தோள். வரிசையில் முன்பதிவு செய்திருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். குழாயடியில் பேச்சு திரும்பவும் ஆரம்பித்தது, அவளுக்கு வழி விட்டுக் குடம் நிரப்பிக் கொடுத்தார்கள். இந்த வருடங்களில்தான் அவளுக்கு நரைத்தது, கண்ணாடி போட்டாள், முழங்கால் பிடித்துக்கொண்டது. எதிரே அவர் அப்படியே இருந்தார், நெற்றியில் அன்றைய வியர்வையோடு, இருபத்தாறு வயதில். தன்னை மட்டும் காலம் தின்கிறதே என்று அவள் மெஷினிடம் சொல்லிக்கொண்டாள். அவர் தன்னை அடையாளம் கண்டுகொள்ளாமல் போய்விடுவாரோ என்கிற பயத்தில் மஞ்சள் துணியைத் துவைத்த அன்றுகூட ஈரமாகவே தோளில் போட்டுக்கொண்டாள்.

அவள் போய்ச் சேர வேண்டிய இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் கண்ணுக்கும் அவளுக்கும் நடுவில் பந்து வர வேண்டும். அங்கே போய் உட்கார்ந்த நாளில் பந்து அவர் முகத்தை அவளிடமிருந்து பாதி மறைத்தது. சில வாரங்களில் அவருடைய கருவிழி சுருங்கியது. அதுவரை தூரத்தில் இருந்த பார்வை பக்கத்தில் வந்து, பந்தின் மேல் விழுந்தது. உதடு மூடிக்கொண்டது. அவ்வளவு வருடம் இருந்த சிரிப்பு போயே போய்விட்டது. வானொலியில் வர்ணனையாளர், பார்த்துவிட்டார், பார்த்துவிட்டார் என்று கத்தினார். நாடு முழுக்கத் தெருவுக்கு வந்து ஆடியது. தையற்காரி மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். இருபது வருடம் ஓயாமல் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பார்வையை எடுத்துவிட்டார், எடுக்க வைத்ததும் தானேதான் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. அப்போதும் எழுந்து போகவில்லை. அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டிய சட்டைகள் இருந்தன, கண்ணைத் துடைத்துக்கொண்டு தைத்தாள்.

அடுத்த இரண்டு வருடத்தில் கைகள் எழுந்தன. மூட்டை பிடித்துப் பழகிய கைகள், விரல்கள் விரிந்து, கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட்டபடி வந்தன. நேரத்துக்கு வந்துவிடுமா என்று நாடு பந்தயம் கட்டவில்லை, அதைப் பற்றிப் பேசவே பயந்தது. கடைசி வாரம் கடைகளைத் தானாகவே அடைத்துவிட்டு எல்லோரும் மைதானத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். கேலரியிலும், மரங்களிலும், கடிகாரம் இல்லாத மணிக்கூண்டின் ஓட்டையிலும் ஆட்கள் இருந்தார்கள். அன்று கடிகாரத்தை இறக்கிய தச்சர்களில் உயிரோடு இருந்தவர்கள் கூச்சத்தோடு பின்வரிசையில் நின்றார்கள். பந்து விரல் நுனியைத் தொட்டது. விரல்கள் பின்னால் வளைந்தன. முறிந்துவிடும் என்று தோன்றியபோது உள்ளங்கை வந்து சேர்ந்தது. "டப்" என்று ஒரு சத்தம் கேட்டது. அந்த நொடி முடிந்தது.

நாய் தரையிறங்கிக் குரைத்துக்கொண்டு ஓடியது. நடுவர் நீளமாக விசில் ஊதினார். ஆட்டம் சமன், கோல் இல்லை. மைதானத்தின் மேல் இருபத்திரண்டு வருடமாக நின்ற வெயில், மற்ற இடத்து வெயிலோடு சேர்ந்துகொண்டு சாயத் தொடங்கியது. ஆட்டக்காரர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். கூட்டம் அவ்வளவு சத்தமாக ஏன் அழுகிறது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. நெட்டையர், இரவு கப்பலுக்கு நேரமாகிவிட்டதா என்று கோட்டைத் தாண்டி ஓடிவந்த ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்தார். கொஞ்சம் நேரமாகிவிட்டது என்றுதான் அவர் சொன்னார், மீதியை நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னார்கள்.

கோல்கீப்பர் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முதலில் அவளைப் பார்த்த இடத்துக்கு நேராக ஓடினார். அங்கே மகள் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தொரு வயது, அச்சு அசல் அம்மா. அவர் அவளிடம் மூச்சிரைக்க, "என்ன அவசரம்னு துணியை ஆட்டினே? கொஞ்சம் விட்டிருந்தா கோல் விழுந்திருக்கும்" என்றார். அவள் அவர் கையைப் பிடித்து, கேலரியோரமாக, அம்மா வருடக்கணக்கில் நகர்ந்து போன வழியே நடத்திக் கூட்டிப் போனாள். தையல் மெஷினுக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒருத்தி எழுந்து நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், தோளில் கிடந்த துணியைப் பார்த்தார், அது சாயம் போய் வெள்ளையாகிவிட்டிருந்தது. கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தும் அவர் பழைய கேள்வியையே கேட்டார்.

"எதுக்குக் கூப்பிட்டே?"

வேறு யாராவது சொல்லிவிடப் போகிறார்களே என்று இருபத்திரண்டு வருடமாக அவள் அடைகாத்து வைத்திருந்த பதில் அது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று இப்போதும் அவளால் பொறுத்திருக்க முடியவில்லை.

"முழுகாம இருக்கேங்க" என்றாள்.

அவர் திரும்பி, இன்னும் தன் கையை விடாமல் நின்ற பெண்ணைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை கண்ணும் கன்னமும் உதடும் எல்லாம் ஒன்றாகவே வந்தன.

அதற்குப் பிறகு அவர் பதினோரு வருடம் நாட்டுக்காக விளையாடினார். வெளியூர்ப் பயணங்களில் மூன்று பேரும் சேர்ந்து போனால் தங்கும் விடுதிக்காரர்கள் அக்காவா, தங்கையா, அம்மாவா என்று குழம்புவார்கள். உள்ளூரில் யாரும் குழம்பியதில்லை. அந்தம்மா வீட்டுக்காரர், அந்தப் பொண்ணோட அப்பா என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார்கள். மணிக்கூண்டில் புதிய கடிகாரம் மாட்டினார்கள், ஆட்டம் நடக்கும்போது அதன் பக்கத்தில் ஏணி கொண்டுபோகக் கூடாது என்று சட்டமும் போட்டார்கள். அமைச்சர் ஓய்வு பெறுமுன் கையெழுத்திட்ட கடைசி உத்தரவு தையற்காரியின் நாற்காலியைப் பற்றியது. அது எப்போதும் கோல் வலைக்கு நேர் பின்னால், கீப்பருக்கு முதுகுப்பக்கமாகவே போடப்பட வேண்டும். அப்படியே போட்டார்கள். அப்படியும் கோல்கீப்பர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். எப்போதாவது ஒரு கோல் உள்ளே போகும். கேலரி அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை, பந்தை எடுத்து நடுவில் வைத்து மறுபடியும் ஆடச் சொல்லும்.